ஒண்ணு போனா இன்னொண்ணு

அக்காவின் கழுத்தில் எப்போதும் இரண்டு சாவிகள் தொங்கும். இரண்டும் ஒரே ஸ்கூட்டரின் சாவிகள். "ஒரு வண்டிக்கு ரெண்டு சாவி எதுக்குக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றாள். "ரெண்டும் ஒரே கயித்துலதானக்கா தொங்குது. கயிறு அறுந்தா ரெண்டும்லா போகும்?" என்றேன். அரை நிமிடம் என்னை முறைத்தாள். மறுநாள் கழுத்தில் இரண்டு கயிறுகள்.

பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இதை எப்படியாவது படித்துவிடுவாள், படித்தால் உடனே போன் செய்து, "எழுதினதுக்கு பேக்கப் எடுத்தியாடா?" என்பாள். எடுக்கவில்லை. அந்தத் திட்டை வாங்க எனக்கு இப்போது தெம்பில்லை.

இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில் நாங்கள் இருவரும் இருங்காட்டுக்கோட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் இருந்த ஒரு கார் சாமான் கடையில் வேலை பார்த்தோம். சீட் கவர், விதவிதமான ஹாரன், பாட்டுப் பெட்டி, டாஷ்போர்டில் தலையாட்டும் நாய் எல்லாம் விற்கிற கடை. நான் கோவில்பட்டிக்காரன். ஒரகடத்தில் ஒரு பாக்டரியில் லைனில் நின்றுவிட்டு, கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு இந்தக் கடையில் ஒட்டிக்கொண்டவன். டாஷ்போர்டைக் கழற்றி வழிகாட்டிப் பெட்டியை மாட்டுவது என் வேலை. பெட்டிக்குள் வழியை ஏற்றுவது அக்காவின் வேலை. என்னைவிட அவளுக்கு மூன்று வயதுதான் அதிகம். ஆனால் வாயைத் திறந்தால் முப்பது வயது அதிகம் மாதிரி இருக்கும்.

வழிகாட்டிப் பெட்டி என்றால் தெரியும்தானே? இன்றைக்குக் கைபேசி செய்கிற வேலையை அன்றைக்குக் காரில் ஒரு பெட்டி செய்தது. திரையில் ரோடு தெரியும், நம் வண்டி ஒரு அம்புக்குறியாக ஊர்ந்து போகும், உள்ளே இருக்கும் அம்மா இங்கிலீஷில் இடது வலது சொல்வார். அந்த ரோடெல்லாம் முதலில் ஒரு தட்டில் வந்தது. அப்புறம் தட்டு சுருங்கி விரல் நக அளவுக் கார்டு ஆனது. ஆனாலும் நாங்கள் எல்லாரும் அதை மேப் டிஸ்க் என்றேதான் சொன்னோம். பழக்கத்தை விடமுடியுமா?

எங்கள் பக்கத்தில் அந்த மேப்பை அடிக்கடி மாற்றியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் போன மாதம் பொட்டலாக இருந்த இடத்தில் இந்த மாதம் காம்பவுண்ட் சுவர் நிற்கும். நேற்று ஏரி உள்வாயாக இருந்த இடத்தில் இன்று நாலு வழிச் சாலை. புது ரோட்டில் பழைய மேப்போடு போனால் அம்புக்குறி நீலத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஒரு வெளிநாட்டு ஆபீசர் அதைப் பார்த்துப் பதறிப்போய்க் காருக்குள்ளேயே காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டாராம். அவர் டிரைவர் வந்து சொன்னபோது அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அம்பு நீந்திகினு போவுதுடா! அந்தாளு நனைஞ்சாரா இல்லையா, அதைச் சொல்லு!"

சிரிப்பெல்லாம் வேலைக்கு வெளியே. மேப் மாற்றும்போது அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "பேக்கப் எடுக்காம டிஸ்க்ல கை வெச்சே, கையை ஒடிச்சி இன்னொரு கையில குடுத்துடுவேன்." வருகிற ஒவ்வொரு டிஸ்க்கையும் முதலில் அப்படியே கம்ப்யூட்டரில் இறக்குவாள். வண்டி நம்பரைப் பேராக வைப்பாள். அதற்கு இன்னொரு நகல் எடுத்து வேறு ஒரு பெட்டியில் வைப்பாள். பிறகுதான் புது மேப். டிஸ்க்கில் ரோடு மட்டுமா இருக்கும்? ஆளாளுக்குக் குறித்துவைத்த இடங்களும் இருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடம், பல் டாக்டர், பிரியாணிக் கடை. ஒரு மேனேஜர் தன் மாமியார் வீட்டை 'ஆபத்து' என்று குறித்துவைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுப் படம் போட்ட ஒரு பட்டன். எங்கே இருந்தாலும் அதை அமுக்கினால் அவரவர் வீட்டுக்கு வழி காட்டும்.

"ரோடு போனா புதுசா வாங்கிக்கலாம்டா. அவன் குறிச்சி வெச்சது போச்சின்னா எங்கடா போய் வாங்குவான்?" என்பாள் அக்கா.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவளைப் பார்க்கவேண்டும். முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலிருந்து வரிசையாக டிரைவர்கள். எல்லார் கையிலும் ஒரு மேப் தட்டு. எல்லாத் தட்டிலும் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்குக்கு வைத்தோம், டயருக்கு வைத்தோம், சோறு போடுகிற வழிக்கு வைக்காமல் விட்டால் சாமி குத்தம் ஆகாதா? அதுவும் எழுத்து அச்சடித்த பக்கத்தை முதுகு என்றும், பளபளவென்று இருக்கிற பக்கத்தை முகம் என்றும் நினைத்து, சரியாக முகத்தில் பொட்டு வைத்து உள்ளே தள்ளியிருந்தார்கள். பெட்டி அதைத் தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கரகரத்திருக்கிறது. அக்கா ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு தட்டாகக் குளிப்பாட்டித் துடைத்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. "அடுத்த வருசம் எலுமிச்சம்பழத்தையும் உள்ளவுட்டு நசுக்குங்கய்யா!" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே. ஒரு தட்டுகூட வீணாகவில்லை. பொட்டு போகாத நாலு தட்டுக்குப் பழைய பேக்கப்பிலிருந்து புதுத் தட்டு கொடுத்தாள். டிரைவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தப் புத்தி கடைக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. இரண்டு குடை கொண்டுவருவாள். தலையில் குத்தியிருக்கும் கிளிப்புக்குத் துணையாகப் பையில் ஒரு கிளிப். துணிக்கடையில் ஒரே மாதிரி இரண்டு சுடிதார் எடுப்பாள். முக்கியமாக, மதியத்துக்கு இரண்டு டப்பா சாப்பாடு. ஒரு டப்பா சிந்திவிட்டால், ஊசிப்போய்விட்டால், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நசுங்கிவிட்டால்? அதற்குத்தான் ரிசர்வ் டப்பா. ஒருநாளும் சிந்தவில்லை, ஒருநாளும் ஊசிப்போகவில்லை. ரிசர்வ் டப்பா முழுவதும் எனக்கு. இரண்டு வருடம் அக்கா வீட்டுச் சாம்பாரில்தான் என் உடம்பு தேறியது. அதற்காகவே அக்காவின் கொள்கைகளை நான் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தக் குணம் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. திரும்பிவர வழியில்லாத எதையும் அவள் செய்யமாட்டாள். "முட்டுச்சந்துக்குள்ள நான் வண்டியவுடமாட்டேன்டா. ரிவர்ஸ் எடுக்க எடம் கீதான்னு பாத்துட்டுத்தான் உள்ளயே போவேன்." கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் இதையேதான் சொல்வாள். வந்த மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றதும் இல்லை, சரி என்றதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்னாலிருந்த அவள் வீட்டில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுவார். "சரின்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு, ரெண்டுல ஒண்ணு சொல்லுடின்னா, வெய்ட்டிங்ல வையின்றாப்பா. மாப்பிள்ளையை எவ்ளோ நாளைக்கிப்பா வெய்ட்டிங்ல வெப்பேன்? போன தடவ வெச்ச மாப்பிள்ளைக்கு ரெண்டு கொழந்தை ஆயிடுச்சி!"

கடையில் செடிகள் வேறு சேர்ந்துகொண்டே வந்தன. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். புது மேப் வந்தால் அக்கா அதை நேரடியாக யார் காரிலும் போடமாட்டாள். உள்ளங்கை அகலத்தில் அவளுக்கென்று ஒரு வழிகாட்டிப் பெட்டி உண்டு. அதைத் தன் ஸ்கூட்டரின் கண்ணாடிக் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, மேப் சொல்கிற ரோடு உண்மையில் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருவாள். எந்தத் திசையில் கிளம்பினாலும் திரும்பும்போது காலடியில் இரண்டு செடிகள் இருக்கும். இரண்டு செம்பருத்தி. இரண்டு குரோட்டன்ஸ். எப்போதும் ஒரே ஜாதியில் இரண்டு.

"ஏதுக்கா இது?"

"வழியில வித்துகினு இருந்தாங்க, வாங்கினேன்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு பட்டுப்போனா?"

பெங்களூர் ரோட்டில் டெஸ்ட் செய்யப் போனவளுக்கு ஒரகடத்தைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிற நர்சரி எப்படி வழியில் வரும் என்று நான் யோசித்திருக்கவேண்டும். எனக்கு ரிசர்வ் டப்பாவைத் தவிர வேறு யோசனை இருந்தால்தானே!

அந்த நர்சரிக்காரரை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். பாக்டரிகளுக்குப் புல்தரையும் பூச்செடியும் போட்டுக்கொடுக்கிறவர். தன் குட்டி யானை வண்டிக்கு ஹாரன் மாற்ற வந்திருந்தார். நெடுநெடு உயரம், நகக்கண்ணில் செம்மண். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் விதை முளைத்துவிடும். அன்றைக்கு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் மூடாத மனுஷி சும்மா இருக்கிறாளே, தொண்டை கட்டியிருக்கும் போல என்று நான்தான் சுக்குத் தண்ணி வாங்கிவந்து கொடுத்தேன். மடையன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. ஒரு கம்பெனி தன் ஆபீசர்களின் கார் அத்தனைக்கும் புது மேப் போடக் கொடுத்திருந்தது. நாற்பது வண்டி, இரண்டு நாள் கெடு. வெள்ளிக்கிழமையே அக்கா நாற்பது டிஸ்க்குக்கும் பேக்கப் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை மதியம் அவள் அம்மா கடைக்கே வந்து நின்றார். ஞாயிறு காலையில் பெண் பார்க்க வருகிறார்கள். தாம்பரத்து மாப்பிள்ளை, உதிரிப் பாகம் செய்கிற பாக்டரியில் குவாலிட்டி பார்க்கிற வேலை, சொந்தக் கார்.

"இந்தத் தடவ வெய்ட்டிங் கெடையாது. திங்கக்கெழம ராத்திரிக்குள்ள நீ பதில் சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சரின்னு சொல்லிடுவேன். முகத்துக்கு ஏதாவது பூசிக்கினு படு, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. எல்லாப் பெண்களும் மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். போகிறபோக்கில் என்னிடம், "மேஜை மேல டப்பாவுல மாஸ்டர் கார்டு கீதுடா. அதுலர்ந்து மேப்பைத் தூக்கி எல்லாத்துலயும் போட்டுடு. அதுல மேப்பு மட்டும்தான் கீது. அவங்கவங்க குறிச்சதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

டப்பாவைத் திறந்தேன். இரண்டு கார்டுகள். ஒரே நிறம், ஒரே அளவு. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவிடம் ஒரு பொருள் இரண்டாக இருந்தால், ஒன்றுக்கு இன்னொன்று நகல் என்று சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரித் தெரிந்தவன் நான். எதை எடுத்தால் என்ன? மேலே இருந்ததை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் நாற்பது கார்டிலும் ஏற்றி, வண்டிகளை அனுப்பிவிட்டு, கை தூசியைத் தட்டினேன்.

கடை மூடப்போகும் நேரத்தில் நாற்பத்தோராவது வண்டி வந்தது. டை கட்டிய ஒரு இளைஞன் இறங்கி, தனக்கும் புது மேப் வேண்டும் என்றான். கண் மட்டும் கடைக்குள் யாரையோ தேடியது. எனக்கு விளங்கிவிட்டது. "தாம்பரமா சார்? அக்கா கிளம்பிட்டாங்களே" என்றேன். காது வரை சிவந்துவிட்டான். நல்ல பையன். பாவமாக இருந்தது. பேக்கப் எடுத்துவிட்டு அவனுக்கும் அதே கார்டிலிருந்து போட்டுக்கொடுத்தேன்.

டப்பாவில் இருந்த இன்னொரு கார்டுதான் மாஸ்டர் என்பதும், நான் எடுத்தது அக்கா தன் ஸ்கூட்டரில் ஓட்டிப் பார்த்த சொந்தக் கார்டு என்பதும் எனக்குத் தெரியாது. அவள் வாழ்க்கையிலேயே நகல் இல்லாமல் ஒற்றையாக வைத்திருந்த ஒரே பொருள் அது. அதைத்தான் நாற்பத்தொரு நகல் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவைத்திருக்கிறேன். அவளுடைய மேப்போடு, அவள் குறித்துவைத்த இடங்களோடு, அந்த வீட்டுப் படம் போட்ட பட்டனோடு.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பின்னால் பலபேர் சொல்லி நான் கோத்துவைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஆபீசர்கள் காரில் ஏறி, வழக்கம்போல வீட்டுப் பட்டனை அமுக்கினார்கள். டிரைவர்களுக்கு வீடு தெரியும். ஆனால் வெளிநாட்டு ஆபீசர் டிரைவரை நம்பமாட்டார், பெட்டியைத்தான் நம்புவார். பெட்டி வலது என்று சொல்லி டிரைவர் இடது போனால் கையை ஆட்டிக் கத்துவார். நமக்கென்ன வந்தது என்று டிரைவர்களும் பெட்டி சொன்ன பக்கமே திருப்பினார்கள். ஒரகடம் தாண்டி, ஏரிக்கரையில் ஏறி, ஒரு மூங்கில் படலுக்கு முன்னால் வண்டி நின்றதும், "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றார் உள்ளே இருந்த அம்மா.

படலைத் திறந்துகொண்டு நர்சரிக்காரர் வந்தார். முதல் காரைப் பார்த்து, "வாங்க, என்ன செடி வேணும்?" என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஆள் வேறு சிரித்த முகமாக இருக்கிறார், வெறுங்கையோடு திரும்புவது மரியாதையில்லை என்று ஆபீசர் ஒரு காகிதப்பூச் செடி வாங்கிக்கொண்டார். பின்னாலேயே இரண்டாவது கார். மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. சினிமாவுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு வந்த ஒருவர் இரண்டு தென்னங்கன்றுகளைக் காரின் மேலே கட்டிக்கொண்டு போனார். நம் மனுஷன் அப்பாவி. வியாபாரம் பெருகிவிட்டது என்று சாமிக்குச் சூடம் ஏற்றியிருக்கிறார்.

ஞாயிறு மதியம் கடைசியாக, பதினேழாவதாக வந்தது தாம்பரத்துக் கார். அக்கா வீட்டில் கேசரி, பஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்துப்போய், "வீட்டுக்குப் போயிட்டு போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள். தாம்பரத்துக்கு வழி தெரியாதா? ஆனால் மருமகளாக வரப்போகிறவள் கடையில் போட்ட மேப் என்று தன் அம்மாவுக்குக் காட்டவேண்டுமே! பையன் வீட்டுப் பட்டனை அமுக்கியிருக்கிறான்.

நர்சரி வாசலில் இரண்டு கார்கள் ஏற்கெனவே நின்றன. அம்மா கறிவேப்பிலைக் கன்று பார்க்கப் போய்விட்டார். பையன் மட்டும் ஒவ்வொரு டிரைவராகப் போய் விசாரித்தான். பிறகு நர்சரிக்காரரிடம் வந்தான். "எங்க பாக்டரியில ஒண்ணு சொல்லுவாங்க சார். ஒரு பீஸ்ல தப்புன்னா தப்பு அந்தப் பீஸ்ல. எல்லா பீஸ்லயும் ஒரே தப்புன்னா, தப்பு அச்சுல." கொஞ்சம் நிறுத்தி, "இந்த மேப் போட்ட பொண்ணைத்தான் நாங்க இப்ப பாத்துட்டு வர்றோம்" என்றானாம். தங்கமான பையன். கறிவேப்பிலைக் கன்றை வாங்கிக்கொண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவன் வீட்டிலிருந்து போன் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் தேர்க் கூட்டம். ஆளாளுக்குச் சத்தம். எங்கள் மொதலாளி ஹாரன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு டிரைவர், "இன்னா மேப்பு போட்டுக் குடுத்தீங்க? எங்க சாரு ரெண்டு நாளா செடி வாங்கிகினே கீறாரு!" என்றான். ஒவ்வொரு காரின் பின்சீட்டிலும் ஒரு செடி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது.

அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "இன்னாடா இது, காட்டுக்குள்ள வந்துட்டனா?" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தாள். ஒரு செடியை உற்றுப் பார்த்தாள். அந்தக் கறுப்புப் பையை, அதில் கட்டியிருந்த சணலை. சிரிப்பு நின்றது.

"இது எங்க வாங்கினது?"

டிரைவர் சொன்னான். அக்கா திரும்பி மேஜை மேலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. செம்பருத்தி, குரோட்டன்ஸ், சுக்குத் தண்ணி எல்லாம் சேர்ந்து மண்டையில் இறங்கியது.

"யக்கா, ரெண்டு கார்டு இருந்துச்சா, நகலுன்னு நெனச்சிட்டேம்க்கா..." எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கையை ஒடிச்சிருங்கக்கா."

ஒடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத்தினி வண்டிடா?" என்றாள். "நாப்பத்தொண்ணு." "ஐயோ" என்றாள். தண்ணீர் குடித்தாள். "தாம்பரமும் அதுலதானா?" தலையாட்டினேன். இன்னொரு 'ஐயோ'. அப்புறம் எழுந்து துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, "வா, பேக்கப் கீது" என்றாள். மதியத்துக்குள் வந்திருந்த அத்தனை வண்டிக்கும் அவரவர் வீட்டை அவரவர்க்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒருவருடைய பல் டாக்டர்கூடத் தொலையவில்லை. மாமியார் வீடுகூட 'ஆபத்து' என்றே பத்திரமாகத் திரும்பிப் போனது.

கூட்டம் கலைந்து நாங்கள் மூச்சுவிடும்போது குட்டி யானை வந்து நின்றது.

நர்சரிக்காரர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை. நகத்தைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார். அக்கா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றார். நாங்கள் காத்திருந்தோம். "ரெண்டு நாள்ல பதினேழு வண்டி என் வூட்டாண்ட வந்துச்சி. எல்லாப் பொட்டியும் அதான் வூடுன்னு சொல்லிச்சாம்." மறுபடி காத்திருந்தோம். "தப்பு அச்சுலன்னு ஒருத்தர் சொன்னாரு. அச்சு உங்களாண்ட கீதாமே."

அக்காவின் காதோரம் வேர்வை இறங்கியது. எனக்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குறுக்கே விழுந்தேன். "அண்ணே, தப்பு எம் மேலண்ணே. நாந்தான் தப்பான கார்டை எடுத்து எல்லாத்துலயும் போட்டுட்டேன். அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது." பொய்யும் இல்லை, நடந்ததைத்தான் சொன்னேன். அக்கா ரிவர்ஸ் எடுக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் போட்டுக் கொடுத்துவிட்டேன். "ஆமா" என்று ஒரு தலையாட்டல் போதும். அவர் இன்னொரு ஹாரன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ராத்திரி அம்மாவுக்கு வழக்கம்போல ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா எழுந்து நின்றாள்.

"அவன் காப்பி எடுத்தது தப்பு" என்றாள். "அதுல உங்க வூட்டைப் போட்டு வெச்சது நான். அது தப்பில்ல."

மொதலாளி திகைப்பில் டெஸ்ட் போர்டில் மாட்டியிருந்த ஹாரனை அமுக்கிவிட்டார். அது லாரி ஹாரன். வாய்விட்டு ஒரு முழு ராகம் பாடி முடிக்கும்வரை நாங்கள் நாலு பேரும் அப்படியே நின்றோம்.

"எத்தினி நாளா?" என்றார் அவர்.

"ரெண்டு வருசமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அழிக்க முடியாதே" என்றாள் அக்கா.

அவர் தலையைக் குனிந்து யோசித்தார். அந்த மனுஷன் யோசிக்கிற வேகத்துக்கு எனக்குப் பல்லெல்லாம் கூசியது. சட்டென்று வெளியே போய்விட்டார். போச்சு, அக்காவை இப்படி நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டோமே என்று நான் பதறும்போது, இரண்டு கையிலும் ஒவ்வொரு செடியோடு திரும்பி வந்தார். ஜாதிமல்லி. இரண்டிலும் மொட்டு விட்டிருந்தது.

"எப்பவும் போல ரெண்டு கொண்டாந்தேன்" என்றார்.

அக்கா ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை அவர் பக்கமே தள்ளினாள்.

"ஒண்ணு போதும்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மொதலாளி முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்சரிக்காரருக்கு அதன் பெருமை புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் முழுப் பல்லும் தெரியச் சிரித்து நான் பார்த்தேன். அன்று ராத்திரிக்குள் சொல்லவேண்டிய பதிலை அக்கா சாயங்காலமே போய் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

மறுநாள் மதியம் வழக்கம்போல இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் கையைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டேன். அக்கா பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். கத்தரிக்காய் சாம்பார் வாசம் தூக்கியது. நான் பையைப் பார்த்தேன். பை தட்டையாக இருந்தது. கழுத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு கயிறு, ஒரே ஒரு சாவி.

"யக்கா, ரிசர்வு?"

அக்கா ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இன்னாடா பாக்கிற? கெளம்பு, போய் பரோட்டா துன்னுட்டு வா."